ரெண்டாவது பெயரை ஆர் போட்டது?

'ஆளுநர்' எண்டு சொன்னால் எங்களுக்கு நினைவுக்கு வாறது ஜனாதிபதி நியமிச்சு அனுப்புற ஒருவர். வாக்குச் சீட்டில் அவருடைய பெயர் இருக்காது. ஆள் மாறினதே பேப்பரில் படம் வந்த பிறகுதான் தெரியும். ஐக்கிய அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேற அர்த்தம். அங்கே 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். எங்கட கணக்கில் சொன்னால் ஆளுநரும் முதலமைச்சரும் ஒரே ஆள் மாதிரி.

"அங்க மக்கள் தெரிவு, இங்க மேலிடத்துத் தெரிவு" எண்டு ஒரு வரியில் எழுதி முடிச்சுவிடலாம். பரீட்சைக்கு அது காணும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தச் சீட்டில் பெயரைப் போட்டது ஆர்? தேர்தல் நாளில் பெரும்பாலும் ரெண்டு பெயரில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும். அந்த ரெண்டு பெயரும் எப்படி அங்கே வந்தன என்பதுதான் பாதித் தேர்தல். என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல்.

அமெரிக்காவில் இதற்கு ஒரே விதி கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் 'பிரைமரி' எனப்படும் முதற்கட்டத் தேர்தல் நடக்கும். கட்சியின் வேட்பாளர் ஆர் என்பதைச் சாதாரண வாக்காளர்களே தீர்மானிப்பார்கள். கலிபோர்னியாவில் 2010இல் வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்றினார்கள். இப்போது எல்லாக் கட்சிக்காரரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், முதல் ரெண்டு இடத்துக்கு வருபவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள், ரெண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. வேர்ஜீனியாவில் பிரைமரியா மாநாடா என்பதைக் கட்சியே முடிவெடுக்க இடம் இருந்தது. 2021இல் குடியரசுக் கட்சி அங்கே மாநாட்டு முறையில் போனது. 80 இலட்சத்துக்கும் மேல் சனம் இருக்கிற மாநிலத்தில் கட்சியின் ஆளுநர் வேட்பாளரைத் தெரிவு செய்தது ஏறத்தாழ 30,000 பிரதிநிதிகள். அப்படி வந்த கிளென் யங்கின்தான் அந்த வருட ஆளுநர் தேர்தலில் வென்றார்.

மாநாட்டுக்கும் பிரைமரிக்கும் எவ்வளவு தூரம் எண்டு பார்க்க யூட்டா நல்ல உதாரணம். 2024 ஏப்ரலில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், பதவியில் இருந்த ஆளுநர் ஸ்பென்சர் கொக்ஸுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கூட இல்லை. மிச்சம் பில் லைமனுக்குப் போனது. ஆனால் அந்த மாநிலத்தில் கையெழுத்துச் சேகரித்தும் பிரைமரிக்குப் போகலாம். கொக்ஸ் அதையும் செய்து வைத்திருந்தார். ரெண்டு மாதம் கழித்து அதே கட்சி வாக்காளர்கள் கொக்ஸைத்தான் தெரிவு செய்தார்கள். மண்டபத்துக்குள் இருந்த கட்சியும் வெளியே இருந்த கட்சியும் ஒன்றில்லை.

இனி ரெண்டாவது பெயருக்கு வருவம். பெரும்பாலான மாநிலங்களில் துணை ஆளுநர் எண்டு ஒருவர் இருக்கிறார். "அவருக்கு என்ன வேலை, ரிப்பன் வெட்டுறதா?" எண்டு நீங்கள் கேட்கலாம். பல மாநிலங்களில் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆளுநர் போகும் நாள் வரைக்கும். 2009 ஜனவரியில் இலினோய்ஸ் ஆளுநர் றொட் பிளாகோயெவிச்சை ஊழல் குற்றச்சாட்டில் மாநில சட்டசபை பதவி நீக்கியது. துணை ஆளுநர் பற் குவின் ஆளுநரானார். 2021 ஓகஸ்டில் நியூயோர்க்கில் அன்ட்ரூ குவோமோ பதவி விலகினார். கதி ஹோக்குல் ஆளுநரானார். அப்படி ஒரு நாள் வரும் எண்டு நினைத்து எத்தனை பேர் அந்த ரெண்டாவது பெயரைப் பார்த்து வாக்களித்திருப்பார்கள்?

இலினோய்ஸ் மாநிலமே இதற்கு ரெண்டு தரம் விலை கொடுத்தது. அங்கே முன்பு பிரைமரியில் ஆளுநரும் துணை ஆளுநரும் தனித்தனியாக நிற்பார்கள், வென்றவர்களை இறுதித் தேர்தலுக்குச் சோடி சேர்த்துவிடுவார்கள். பேச்சுக்கால் இல்லாத கலியாணம் மாதிரி. 1986இல் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக அட்லாய் ஸ்டீவன்சன் வென்றார். துணை ஆளுநருக்கு வென்றவரோ லிண்டன் லாரூஷ் என்ற தீவிரப் போக்காளரின் ஆதரவாளர். அந்த ஆளோடு ஒரே சீட்டில் நிற்கமாட்டேன் எண்டு ஸ்டீவன்சன் கட்சிச் சீட்டையே விட்டு, புதுக் கட்சிப் பெயரில் நின்று தோற்றார். 2010இலும் அதே கட்சிக்கு அதே தலையிடி. பிரைமரியில் ஸ்கொட் லீ கோஹன் என்ற அடகுக்கடைக்காரர் துணை ஆளுநர் வேட்பாளராக வென்றார். வென்ற பிறகுதான் அவருடைய பழைய விவகாரங்களை எல்லாரும் வடிவாப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் அவர் விலக வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் சட்டத்தை மாற்றினார்கள். 2014 தேர்தலில் இருந்து அங்கே ரெண்டு பேரும் பிரைமரியிலேயே சோடியாக நிற்க வேண்டும்.

கடைசி வரைக்கும் தனித்தனியாகத் தெரிவு செய்தால் என்ன நடக்கும்? ஐடஹோவைப் பாருங்கோ. 2021 மே மாதம் ஆளுநர் பிராட் லிட்டில் வெளி மாநிலத்துக்குப் போயிருந்தார். அங்கத்தைய விதிப்படி அந்த நேரத்துக்குத் துணை ஆளுநர்தான் பதில் ஆளுநர். ஜனிஸ் மெக்கீச்சின் உடனே, முகக்கவசத்தைக் கட்டாயப்படுத்துவதைத் தடை செய்து ஒரு உத்தரவு போட்டார். லிட்டில் திரும்பி வந்து அதை இரத்துச் செய்தார். ரெண்டு பேரும் ஒரே கட்சி! அடுத்த வருடப் பிரைமரியில் அவரை எதிர்த்தே மெக்கீச்சின் நின்று தோற்றதையும் சேர்த்துப் பாருங்கோ.

அப்ப ஆளுநர் வேட்பாளரே தன்னுடைய துணையைத் தெரிவு செய்யட்டும் எண்டால், அதிலும் வில்லங்கம் இருக்கு. புளோரிடாவில் பிரைமரி முடிந்த பிறகு ஆளுநர் வேட்பாளரே துணையை அறிவிக்கலாம். விசுவாசிக்கோ, எந்தப் பக்கத்து வாக்கு குறையுதோ அந்தப் பக்கத்து ஆளுக்கோ அந்த இடம் போக வாய்ப்பிருக்கிறது. சனத்துக்கு அந்தப் பெயரை மட்டும் நிராகரிக்க வழி இல்லை. இண்டியானாவில் கட்சி மாநாடு முடிவெடுக்கிறது. 2024இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் மைக் பிரோன் ஒருவரைக் காட்ட, மாநாடு அவரை ஒதுக்கிவிட்டு மைக்கா பெக்வித் என்ற மதபோதகரைத் தெரிவு செய்தது. ஆளுநர் கேட்டவரும் இல்லை, சனம் கேட்டவரும் இல்லை.

என்னுடைய நிலைப்பாடு இதுதான். துணை ஆளுநர் பதவி வெறும் மாற்று ஆள் பதவி என்றால், இலினோய்ஸின் இப்போதைய வழியே நியாயம். பிரைமரிக்கு முதலே சோடியை அறிவி, சனம் ரெண்டு பெயரையும் பார்த்து வாக்களிக்கட்டும். ஆனால் டெக்சாஸ் வேற கதை. அங்கே துணை ஆளுநர்தான் மாநில செனட்டுக்குத் தலைமை தாங்குகிறார், எந்தச் சட்டமூலம் விவாதத்துக்கு வரும் என்பதில் அவருக்குப் பெரிய பிடி இருக்கிறது. அப்படிச் சொந்த அதிகாரம் உள்ள ஒருவரை ஆளுநரின் நிழலாக அனுப்புவது சரியில்லை, தனியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும். பதவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிவு முறையைப் பேச வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு? 2013இல் வட மாகாண சபைத் தேர்தலில் விக்னேஸ்வரனுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் விருப்பு வாக்கு விழுந்தது. அது மக்களின் தெரிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்தான் முதலமைச்சர் வேட்பாளர் என்பதைத் தீர்மானித்தது கட்சித் தலைவர்களின் பேச்சுவார்த்தை. கிளைகளில் இருந்த உறுப்பினர்கள் வாக்களித்து அந்தப் பெயர் வரவில்லை. 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தை நடத்துவது நியமிக்கப்பட்ட ஆளுநர்கள். என் வயதுக்காரர் ஒருவரும் மாகாண சபைக்கு ஒரு தரம்கூட வாக்களித்ததில்லை.

அதனால் தேர்தலை வை எண்டு கேட்பதுதான் எங்களுடைய முதல் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. ஆனால் அதோடு நிற்காமல், இப்பவே கட்சிகளிடம் கேட்க வேண்டிய ரெண்டு கேள்வி இருக்கிறது. முதலமைச்சர் வேட்பாளரைத் தெரிவு செய்ய உங்கட உறுப்பினர்களுக்கு வாக்கு இருக்குமா? பட்டியலில் ஒருவரைச் சேர்த்ததற்கும் விட்டதற்கும் காரணத்தை வெளியில் சொல்லுவீங்களா? கட்சிக்குள் வாக்கெடுப்பு வைக்கச் சட்டம் மாறத் தேவையில்லை. ஒரு மண்டபமும், உறுப்பினர் பட்டியலும், ஒரு வாக்குப் பெட்டியும் இருந்தால் காணும். தேர்தல் திகதி அறிவித்த பிறகு கேட்டால் "இனி நேரமில்லை" எண்டுதான் பதில் வரும். இப்ப நேரம் தாராளமாக இருக்கு.