மலையைப் படிக்கிற பிள்ளைகள் வேண்டும்

எங்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் புவிச்சரிதவியலை ஒரு பாடமாக எடுத்தபோது, வீட்டில் வந்த முதல் கேள்வி: "அது என்னா பாடம்? அதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?" கல், மண், மலை பற்றிய படிப்பு என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க பொறந்ததுல இருந்து கல்லுலயும் மண்ணுலயும்தான் கெடக்குறோம். அதுல படிக்க என்னா இருக்கு?"

அந்தச் சிரிப்பில் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் கொஸ்லந்தையை நினைத்தால் எங்களால் சிரிக்க முடிவதில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணி தாண்டியிருந்தது. மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மேல் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதற்கு முதல் நாட்களில் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு கணக்கு. நூறு என்றார்கள், அதற்கும் மேல் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே சரியாக எண்ணப்படாத மக்களை, செத்த பிறகு எப்படி எண்ணுவது? எடுக்க முடியாத உடல்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் கிடக்கின்றன.

இது யாருக்கும் தெரியாமல் வந்த ஆபத்து இல்லை. அந்த இடம் குடியிருக்கப் பாதுகாப்பானதல்ல என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அனர்த்தத்துக்குப் பிறகு கொழும்பில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "சொல்லியும் ஏன் போகல?" எங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்டதும் ஒரே கேள்விதான்: "போகச் சொன்னீங்க, எங்க போக?" லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் அடுத்த அடி வைக்கிற இடமும் இன்னொருவருடையது. தப்பிய குடும்பங்களில் பல, தேயிலைத் தொழிற்சாலையில் முகாமிட்டு ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தன. 2016 இல்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

ஆகவே, "மக்களுக்கு அறிவு இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள்" என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அப்படிச் சொல்வது செத்தவர்கள் மேலேயே பழி போடுவது. நாங்கள் சொல்வது வேறு. நிலம் கேட்கிற சமூகத்துக்கு, தான் நிற்கிற நிலத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆட்களும் வேண்டும். அந்த ஆட்கள் எங்கள் லயங்களிலிருந்தே வரவேண்டும்.

புவிச்சரிதவியலின் முதல் வருடப் பாடத்தைக் கொஸ்லந்தைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1929 இல் ஃபிராங்க் அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர், இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்கிறது என்று எழுதினார்: கரையோரச் சமவெளி, நடுப்படி, உச்சி மேட்டுநிலம். பின்னர் டி.என். வாடியா அதற்கு வேறு விளக்கம் தந்தார். விளக்கத்தில் சண்டை இருந்தாலும் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஹப்புத்தளையில் நின்று தெற்கே பார்த்தால் நிலம் திடீரென்று விழுகிறதே, அது அப்படி ஒரு படியின் விளிம்பு. கொஸ்லந்த அந்தச் சரிவில் இருக்கிறது. பக்கத்திலேயே தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் விழுகிறது. செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் பார்க்கும் அழகும், லயத்தில் படுப்பவர்களின் பயமும் ஒரே சரிவில்தான்.

மத்திய மலைநாட்டின் பாறைகள் உருமாறிய பாறைகள். 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறியவை. அவற்றில் ஒன்று சார்னோக்கைட். சென்னைப் பரங்கிமலையிலும் இருப்பது அதே வகைப் பாறை. எங்கள் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்து, விட்டுவந்த நாட்டின் பாறை மேலேயே மறுபடி குடியேறியிருக்கிறார்கள். இதை வகுப்பில் கேட்ட அன்று எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் லயத்தைப் புதைப்பது பெரும்பாலும் இந்தப் பழைய பாறை இல்லை, அதன் மேல் கிடக்கும் மண். பாறை காலப்போக்கில் மக்கி மண்ணாகிறது. மேலேயிருந்து உருண்டும் சரிந்தும் வந்த மண்ணும் கல்லும் சரிவின் மடியில் தடிப்பாகத் தங்குகின்றன. அதாவது, அது பழைய மண்சரிவுகள் விட்டுப்போன குவியல். கொஞ்சம் தட்டையாக, தண்ணீர் வசதியோடு இருப்பதால் லயம் கட்ட நல்ல இடம் மாதிரித் தெரியும். மழை விடாமல் பெய்தால் தண்ணீர் மண்ணின் துளைகளில் நிறையும். மண் கனக்கும், துகளைத் துகள் பிடித்திருக்கும் பிடி தளரும். ஒரு கட்டத்தில் மலை இறங்கும். தோட்டத்தில் கான் வெட்டுவது சும்மா வேலை இல்லை. கான் தூர்ந்தால் ஓடவேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் போகும். கான் வெட்டிய எங்கள் தாத்தாமார், அந்தச் சொல் தெரியாமலே புவிச்சரிதவியல் செய்தவர்கள்.

தமிழருக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் ஆனந்த குமாரசுவாமியைச் சொல்லுங்கள். கலை வரலாற்று அறிஞராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்கு முதல் பணிப்பாளராக இருந்து ஊர் ஊராக நடந்தவர். தோரியனைட் என்ற கனியத்தைக் கண்டறிந்தவர். அவருக்கு லண்டன் படிப்பு கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?

உயர்தரத்தில் புவிச்சரிதவியல் தனிப் பாடம் இல்லை. பேராதனையில் விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்த பிறகே, எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து அதைத் தொடங்குகிறார்கள். அது நல்ல விஷயம். ஆனால் அந்தக் கோட்டுக்கு வர உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அந்தப் பிரிவு இருக்கிற தோட்டப் பாடசாலைகள் குறைவு. இருந்தாலும் ஆசிரியர் இல்லை. அதையும் தாண்டிப் போனால் பாடம் ஆங்கிலத்தில். மலையில் பிறந்த பிள்ளை, மலையைப் பற்றிய வகுப்பில்தான் வாய் திறக்கப் பயப்படுகிறது.

மீரியபெத்தவோடு இது முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலையில் லயங்கள் சரிந்தன. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா என்று மலைகள் இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின.

எங்களால் இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. நேரான பக்கமுள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால் எந்த லயத்துப் பிள்ளையும் ஏறக்குறைய அளக்கலாம். தரையில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று இறுகும் கதவு, புதிதாகக் கசியும் ஊற்று, பீலியில் வரும் கலங்கல் தண்ணீர் – இவற்றை இளைஞர் மன்றம் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதலாம். பல்கலைக்கழகத்தில் இருக்கிற நாங்கள் முதல் வருடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கீழே அனுப்பலாம். கலைப்பிரிவில் புவியியல் படிப்பவர்களும் இதில் சேரலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நிலம் மட்டும் போத்தலில் அளந்து வராது. அதைக் கேட்டே வாங்க வேண்டும். ஆனால் அடுத்த முறை ஒரு அறிக்கையைக் காட்டி "இங்கே இருக்க வேண்டாம்" என்று சொல்லும்போது, அதை வாசித்துவிட்டு, "சரி, இந்த வரைபடத்தில் பாதுகாப்பான இடம் இதுதான், இங்கே எங்களுக்குக் காணி தாங்க" என்று விரலை வைத்துக் கேட்க எங்களில் ஒருத்தி இருக்க வேண்டும்.

"அதப் படிச்சா என்னா வேல கெடைக்கும்?" என்று வீட்டில் கேட்டவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.