சாமிக்கு முகம் வேண்டுமா?

சாமி படம் வரையச் சொன்னால் நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்? பெரும்பாலும் முகத்தில்தான். கண், மூக்கு, கிரீடம், அப்புறம் கையில் வேல். ஆனால், முகமே இல்லாமலும் நல்ல சாமி படம் வரையலாம் என்பது என் கருத்து. ஏன்னு சொல்கிறேன், கேளுங்கள்.

மலை, அருவி, மரம் ஆகியவற்றில் 'கமி' என்னும் தெய்வம் இருக்கிறது என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. கறுப்பு மையால் மட்டும் ஓவியம் வரையும் வழக்கமும் அங்கே உண்டு. மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். தண்ணீர் கூடினால் சாம்பல் நிறம், குறைந்தால் அடர்ந்த கறுப்பு. மூடுபனி வேண்டுமா? அந்த இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள்!

டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் நச்சி அருவியின் பழைய ஓவியம் ஒன்று இருக்கிறது. அது வண்ண ஓவியம். அதில் சாமி உருவமே கிடையாது. "சாமி எங்கே?" என்று கேட்டால், அந்த அருவிதான் சாமி!

நமக்கு இது புதிதா? இல்லையே. திருவண்ணாமலையில் மலையையே சிவனாகக் கும்பிடுகிறோம். பௌர்ணமி அன்று மக்கள் 14 கிலோமீட்டர் நடந்து அதைச் சுற்றி வருகிறார்கள்.

நம்ம கிளென் ஈடனுக்கு மேற்கே வைடாக்கரே மலைகள் இருக்கின்றன. அங்கே கௌரி மரங்கள் வளர்கின்றன. மாவோரி மக்களின் காட்டுத் தெய்வம் தானே மஹுத்தா. வடக்கே வைப்போவா காட்டில் நிற்கும் மிகப் பெரிய கௌரி மரத்துக்கும் அதே பெயர்தான். அதன் சுற்றளவு சுமார் 14 மீட்டர்.

இந்த மரங்களுக்கு இப்போது ஆபத்து. மண்ணில் வாழும் ஒரு கிருமி வேரைத் தாக்கி மரத்தைக் கொல்கிறது. அதனால் 2017 டிசம்பரில் தே கவெராவு ஆ மகி மக்கள் வைடாக்கரே காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று 'ராஹுயி' விதித்தார்கள். 2018 மே மாதம் ஆக்லாந்து நகரசபையும் காட்டை மூடியது. பிறகு சில பாதைகள் திறக்கப்பட்டன. காட்டுப் பாதையின் வாசலில் காலணியைத் தேய்த்து, மருந்து தெளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"என் ஒருத்தன் செருப்பு மண்ணால என்ன ஆகிடும்?" என்று சிலர் கேட்பார்கள். ஊசித்தலை அளவு மண்ணே கிருமியைப் பரப்பப் போதும்.

முகம் இருந்தால்தான் சாமியோடு பேச முடியும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் படத்தில் இருக்கும் முகம் மட்டுமே சாமி என்றால், வெளியே நிற்கும் மரம் வெறும் கட்டையாகிவிடும். மரமே சாமி என்றால், காடு கோவில் ஆகிவிடும். கோவிலுக்குள் அழுக்குச் செருப்போடு போவோமா?

அடுத்த முறை கறுப்பு மையால் ஒரு கௌரி மரம் வரைந்து பாருங்கள். கண் வேண்டாம், மூக்கு வேண்டாம். கிளையில்லாத நேரான அடிமரம், உச்சியில் இலைக்கூட்டம், சுற்றிலும் வெள்ளைத் தாள். அது சாமி படமா, மரப் படமா? உங்கள் கருத்தைக் காரணத்தோடு வகுப்பில் சொல்லுங்கள்.