வாகனத் திருட்டு: சட்டம் கடுமையாகிவிட்டது, சந்தை திறந்தே கிடக்கிறது

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு பைக் என்பது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு. அது களவு போனாலும் தவணை கட்டியே ஆக வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடக மாநிலம். மாநில எல்லை அருகிலிருப்பது திருட்டுக் கும்பல்களுக்குப் பெரிய வசதி.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-வது பிரிவில் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கர்நாடகம் 2000-லேயே திட்டமிட்ட குற்றங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகத்தில் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டமே கைகொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு, திட்டமிட்ட குற்றங்களில் வாகனத் திருட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. எல்லையின் இரு பக்கமும் ஒரே சட்டம் என்பதை வரவேற்கிறோம்.

ஆனால் திருடிய வண்டியை வாங்க ஆள் இருக்கும்வரை திருட்டு நிற்காது. நம்பர் பிளேட்டை மாற்றியும், பாகம் பாகமாகக் கழற்றியும் விற்பவர்களிடம்தான் லாபம் போய்ச் சேருகிறது. திருட்டுப் பொருளை வழக்கமாக வாங்கி விற்பவருக்கு ஆயுள் சிறை வரை விதிக்க 317-வது பிரிவில் இடமுண்டு. அதைப் பயன்படுத்தாமல், கூலிக்கு வண்டியைத் தள்ளிச் சென்ற இளைஞனை மட்டும் சிறையில் அடைத்தால், கும்பல் அடுத்த இளைஞனைத் தேடிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கும்பலாகச் செயல்பட்டதோடு, கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளை நீதிமன்றம் ஏற்றிருந்தால்தான் 111-வது பிரிவு பொருந்தும். முதல் வழக்கில் சிக்கிய ஏழைப் பையன் மீது அதைப் பாய்ச்சுவது நீதியாகாது. இந்த வரம்பைக் காவல்துறை மீறக்கூடாது.

நம் குடும்பங்களுக்கும் பொறுப்பு உண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கர்நாடகப் பதிவு வண்டி என்றால் என்.ஓ.சி. கேளுங்கள். உடனே பெயர் மாற்றுங்கள். ஆவணமின்றிப் பாதி விலைக்குக் கிடைக்கும் வண்டி, இன்னொரு தொழிலாளியின் பிழைப்பாக இருக்கலாம். அதில் ஹலாலும் இல்லை, பரக்கத்தும் இல்லை. வண்டி களவு போனால், எல்லையைக் காரணம் காட்டி அலைக்கழிக்க இடம் தராதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு உரிமை தருகிறது.