சின்னச் சந்தையில் விலைக்கழிவு எடுபடுமா?

கடைத்தெருவில் நாலு வியாபாரிகள் ஒன்றுகூடினால் இப்போது பேசப்படும் விடயம் ஒன்றுதான். "சனம் எல்லாம் போனில் வாங்குகிறது. கடைக்கு வருவது விலை கேட்க மட்டும்தான்" என்கிறார்கள். இதற்கு மருந்தாகப் பலர் கண்டிருப்பது விலைக்கழிவு. முகநூலில் ஒரு பக்கம் திறக்கிறார்கள். ஐம்பது வீதக் கழிவு என்று சிவப்பு எழுத்தில் போடுகிறார்கள். நாடு முழுவதும் இலவச விநியோகம் என்றும் அறிவிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கம் அப்படியே இருக்கிறது, முதலைத்தான் காணவில்லை.

இணைய வியாபாரம் எமக்குச் சரிவராது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்டபோது எமது ஊர்களில் பல கடைகளைக் காப்பாற்றியது வாட்ஸ்அப்பும் முச்சக்கர வண்டியும்தான். அன்று பழகிய வாடிக்கையாளர் இனிப் பழையபடி மாறப்போவதில்லை. ஆனால் இணையத்தில் விற்பது வேறு, விலையைக் குறைத்து விற்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதில்தான் நஷ்டம் தொடங்குகிறது. எங்களுடையதைப் போன்ற சின்னச் சந்தையில் இந்தக் குழப்பம் ஒரு கடையையே மூடவைக்கும்.

குரூப்பொன் காட்டிய வழி

டீல் என்ற பெயரில் நடக்கும் இந்த வியாபாரத்துக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தது குரூப்பொன் நிறுவனம். 2008 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கியது. 2010 இல் அதை வாங்குவதற்கு கூகுள் நிறுவனம் சுமார் 600 கோடி டொலர் வரை கொடுக்க முன்வந்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் விற்கவில்லை. 2011 நவம்பரில் ஒரு பங்கு 20 டொலர் என்று பங்குச் சந்தைக்குப் போனார்கள். சரியாக ஒரு வருடத்தில் அந்தப் பங்கு 3 டொலருக்கும் கீழே இறங்கியது. 2013 பெப்ரவரியில் அதைத் தொடங்கிய அன்ட்ரூ மேசன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

காரணங்கள் பல இருந்தாலும் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். 1,000 ரூபா பெறுமதியான சேவையை 500 ரூபாவுக்கு விற்கச் சொல்வார்கள். அந்த 500 இல் ஏறக்குறைய பாதியைக் குரூப்பொன் எடுத்துக்கொள்ளும். வியாபாரியின் கைக்கு வருவது 250 ரூபா. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பால் தோலாக்கியா 2010 இல், குரூப்பொன் டீல் போட்ட 150 வியாபார நிலையங்களை ஆராய்ந்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அதில் இலாபம் கிடைக்கவில்லை. அழகு நிலையங்களும் ஸ்பாக்களும் தப்பித்துக்கொண்டன, உணவகங்கள் அதிகம் அடிபட்டன.

ஏன் இந்த வித்தியாசம்? சலூனில் காலியாக இருக்கும் கதிரைக்குச் செலவு மிகக் குறைவு. இன்று காலியாக இருந்த கதிரையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே 250 ரூபா வந்தாலும் அது வரவுதான். உணவகக்காரர் இறைச்சிக்கும் அரிசிக்கும் காசு கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் கொழும்பிலிருந்து சரக்கு எடுத்து விற்கும் எங்களைப் போன்றவர்களின் நிலை என்ன?

எங்கள் கணக்கு வேறு

நான் முப்பது வருடமாக வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கிறேன். புறக்கோட்டையில் 800 ரூபாவுக்கு எடுத்த சாமானை 1,000 ரூபாவுக்கு விற்றால் 200 ரூபா நிற்கும். கடை வாடகை, மின்சாரம், பையன்மார் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். இதில் பத்து வீதம் கழிவு கொடுத்தால் எனக்கு நிற்பது 100 ரூபா. முந்தைய இலாபத்தை எடுக்க இரண்டு மடங்கு சாமான் விற்க வேண்டும். பதினைந்து வீதம் கொடுத்தால் நிற்பது 50 ரூபா. அப்போது நாலு மடங்கு விற்க வேண்டும். இருபது வீதம் கொடுத்தால் இலாபமே இல்லை, ஊருக்குச் சேவை செய்கிறோம் என்று பெயர் பண்ணிக்கொள்ளலாம்.

நாலு மடங்கு விற்பதற்கு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சீனாவில் அலிபாபா 2009 இல் நவம்பர் 11 விற்பனையைத் தொடங்கியது. அங்கே 140 கோடிச் சனம். ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். 2024 குடிசனத் தொகை மதிப்பீட்டின்படி எங்கள் முழு நாட்டிலும் இருப்பது சுமார் 2 கோடியே 17 இலட்சம் பேர். எமது ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டால் சில ஆயிரம் குடும்பங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் போதும். கழிவு கொடுத்தால் அடுத்த வருடம் வாங்க இருந்தவர் இந்த வருடமே வாங்குவார். அது புதிய வியாபாரமல்ல, அடுத்த வருட வியாபாரத்தை முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றுவிட்டோம் என்பதுதான் பொருள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பெரிய நகரத்தில் டீல் போட்டால் முகம் தெரியாத புதிய ஆட்கள் வருவார்கள். எமது ஊரில் டீல் போட்டால் வருவது யார்? நேற்றுவரை முழு விலை கொடுத்து வாங்கிய அதே பக்கத்து வீட்டு ராத்தாவும் அதே பள்ளி வாசல் நண்பரும்தான். அவர்களுக்கு நாமே ஒரு பாடம் படிப்பித்துக் கொடுக்கிறோம்: "கொஞ்சம் பொறுங்கள், விலை இறங்கும்." அதற்குப் பிறகு கழிவு இல்லாத நாளில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்.

நம் நாட்டிலும் டீல் தளங்கள் ஒரு காலத்தில் முளைத்தன. எனிதிங் டொட் எல்கே அவற்றில் ஒன்று. டயலொக் நிறுவனம் அதில் முதலிட்ட பின்னர் அது வாவ் டொட் எல்கே என்று பெயர் மாறி, பலவகைப் பொருட்களையும் விற்கும் தளமாக ஆனது. வெறும் டீலை மட்டும் நம்பி இந்த அளவுச் சந்தையில் நிற்பது கஷ்டம் என்பதற்கு இதையே உதாரணமாகச் சொல்வேன். 2018 இல் அலிபாபா வாங்கிய டராஸ் நிறுவனம்கூட 2023 பெப்ரவரியில் தன் ஊழியர்களில் 11 வீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது. அலிபாபாவின் கையிருப்பு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. எங்களுக்குப் பின்னால் இருப்பது மொத்த வியாபாரிக்குக் கொடுத்த திகதியிட்ட காசோலை.

திரும்பி வரும் பார்சல்

இணையத்தில் விற்கும் எமது தம்பிமார் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று உண்டு. எங்கள் நாட்டில் பெரும்பாலானவர்கள் பொருள் கைக்கு வந்த பிறகே காசு கொடுக்க விரும்புகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஏமாந்த கதைகள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆனால் பார்சல் வாசலுக்குப் போகும்போது "ஆள் இல்லை", "வேண்டாம்" என்றால் அந்தச் செலவு விற்றவர் தலையில்தான்.

ஒரு சாமானில் 300 ரூபா இலாபம், அனுப்பும் கூலி 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பொருளை ஏற்பவர் கூலியையும் கொடுத்துவிடுவார். பத்துப் பார்சல் அனுப்பி இரண்டு திரும்பினால், எட்டில் வந்த 2,400 ரூபாவிலிருந்து 800 ரூபா கழிந்துவிடும். மிச்சம் 1,600. இதே சாமானுக்கு 150 ரூபா கழிவும் கொடுத்திருந்தால் எட்டில் வருவது 1,200 மட்டும். 800 போனால் மிச்சம் 400. பத்துப் பார்சல் கட்டி, ஒட்டி, எழுதி, தொலைபேசியில் பேசி, கடைசியில் கிடைப்பது 400 ரூபா.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. அனுப்புவதற்கு முன் வாடிக்கையாளருடன் ஒருமுறை பேசுங்கள். நிறம், அளவு, விலை, வரும் நாள் ஆகிய நாலையும் உறுதிப்படுத்துங்கள். பொருளில் ஏதும் குறை இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள். முன்கூட்டியே காசு போடுபவருக்கு மட்டும் கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுங்கள். என் அனுபவத்தில் விலையில் கொடுக்கும் கழிவைவிட இதில் கொடுக்கும் கழிவே பலன் தருகிறது. ஏனென்றால் அது திரும்பி வரும் பார்சலைக் குறைக்கிறது.

கப்ருக நின்றது எதனால்?

இந்தச் சின்னச் சந்தையிலிருந்தே வளர்ந்த ஒரு நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். துலித் ஹேரத் தொடங்கிய கப்ருக, 2000களின் ஆரம்பத்தில் இருந்து இயங்கி வந்து, பின்னர் கொழும்புப் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. அன்று எமது வீடுகளில் இணையம் இல்லை, கடனட்டையும் இல்லை. அப்படியிருந்தும் எப்படி விற்றார்கள்? வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தார், அவரிடம் கடனட்டை இருந்தது. பொருளைப் பெற்றவர் இங்கே இருந்தார். தாயின் பிறந்த நாளுக்கு கேக், பெருநாளுக்குப் பூவும் பரிசும். அந்த மகன் பார்த்தது ஐம்பது ரூபா குறைவா என்பதையல்ல, குறித்த நாளில் தாயின் கைக்குப் போய்ச் சேருமா என்பதைத்தான்.

இதில் எமது ஊர் வியாபாரிகளுக்கு நேரடியான பாடம் இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் எமது பிள்ளைகள் எத்தனை பேர்! நோன்பு வந்தால் வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கவும், பெருநாள் வந்தால் உடுப்பு எடுத்துக் கொடுக்கவும் அவர்களுக்கு ஊரில் நம்பிக்கையான ஒரு கடை வேண்டும். சாமானைக் கொடுத்த கையோடு ஒரு படமும் பற்றுச்சீட்டும் வாட்ஸ்அப்பில் போனால் அடுத்த மாதமும் அவர் அதே கடையைத்தான் தேடுவார். அவரோடு அறையில் இருக்கும் மற்றவர்களும் தேடுவார்கள்.

அதேபோல, ஊரில் உற்பத்தியாகும் பொருளை வெளியே கொண்டுபோவதற்கும் இணையம் உதவும். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் மருதமுனையில் கழிவு விலைக்கு விற்பதில் என்ன பயன்? அதைத் தேடுபவர் கொழும்பிலும் கண்டியிலும் லண்டனிலும் இருக்கிறார். வேறு இடத்தில் கிடைக்காத பொருளுக்குக் கழிவு தேவையில்லை. எல்லோரும் விற்கும் சீனச் சாமானுக்குத்தான் விலைப்போட்டி.

எப்போது கழிவு கொடுக்கலாம்?

கழிவே கொடுக்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன். என்னைப் பொறுத்தவரை மூன்று இடங்களில் அது பொருந்தும்.

முதலாவது, தேங்கிய சரக்கு. பெருநாள் முடிந்து அளவு உடைந்து மிஞ்சிய உடுப்பில் முடங்கிய முதலை வெளியே எடுப்பதுதான் புத்தி. "பெருநாள் மிச்சம், இத்தனை உருப்படி, இந்தத் திகதி வரை" என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொல்லப்பட்ட கழிவு மற்றச் சாமானின் விலையைக் கெடுக்காது.

இரண்டாவது, காலியான நேரம். தையல்காரர், சலூன்காரர், வாகனம் கழுவுபவர், உணவகக்காரர் போன்றவர்கள் வேலையில்லாத நாட்களுக்கு மட்டும் கழிவு கொடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்கும் பெருநாள் வாரத்துக்கும் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மாதாமாதம் வாங்கும் பொருளுக்கு முதல் முறை வரும் வாடிக்கையாளர். பால்மா, மசாலாத்தூள், குழந்தைகளின் பெம்பஸ் போன்றவற்றில் முதல் தடவை விட்டது பின்னர் வந்து சேரும். ரைஸ் குக்கரில் வந்து சேராது.

ஒன்றை மட்டும் எந்த இடத்திலும் செய்யக்கூடாது. 1,500 ரூபாச் சாமானுக்கு 2,500 என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, 1,500 க்குக் கழிவு விலை என்று போடுவது. எமது மார்க்கமும் அதை அனுமதிக்காது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிடும். பெரிய நகரத்தில் ஏமாந்தவர் தனி ஆள், சின்ன ஊரில் அவருக்குப் பின்னால் முழுக் குடும்பமும் இருக்கிறது.

கடைசியாக, கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது" என்ற அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு இணையத்தோடு போட்டி போட முடியாது. முகம் தெரியாதவனே ஏழு நாளில் திருப்பி எடுக்கும்போது, பரம்பரையாகத் தெரிந்த நாங்கள் மாட்டோம் என்றால் சனம் என்ன நினைக்கும்? குறையுள்ள சாமானை மாற்றிக் கொடுப்பதற்கு வரும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, பத்து வீதக் கழிவுக்கு வரும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவு என்பது உங்கள் கொப்பியிலேயே தெரியும்.

விலையைக் குறைப்பதில் எங்களை வெல்ல எப்போதும் ஒரு பெரியவன் இருப்பான். அதே நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதிலும், சரியில்லை என்றால் அந்த நேரமே மாற்றிக் கொடுப்பதிலும் அவன் எங்களை எட்ட முடியாது. அடுத்த சீசனுக்குச் சரக்கு எடுக்கப் போகுமுன், கழிவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.