மைக் யார் கையில் இருந்தது?

கூட்டத்தைக் காப்பது அமைப்பாளர் வேலை, பாடகரைக் குறைசொல்லாதே என்கிறீர்கள். 2021 நவம்பர் 5, ஹூஸ்டன், ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழா: நெரிசலில் சிக்கி 10 பேர் உயிர் போனது. ஒருவன் 9 வயதுப் பையன். கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்ததை, அன்று பாடிய ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் மேடையிலிருந்தே பார்த்துச் சொன்னார்; பிறகும் பாட்டு தொடர்ந்தது. கிராண்ட் ஜூரி அவர்மீது குற்றம் சாட்டவில்லை, சரி. அதனால் பொறுப்பும் இல்லையென்று ஆகிவிடுமா? 2015-இல் சிகாகோவில் தடுப்பைத் தாண்டி வரச்சொல்லி ரசிகர்களைத் தூண்டிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் இவர். ஏறி வா என்றால் கேட்கிற கூட்டம், பின்னால் நகரு என்றால் மட்டும் கேட்காதா? ஃபுகாஸி ராக் இசைக்குழுவின் பாடகர் இயன் மெக்கே, அக்குழு மேடையேறிய காலத்தில், அடிதடி கண்டால் பாட்டை நிறுத்தினார்; அடங்காதவருக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார். பாடகரால் முடியாது என்று இனியும் சொல்லாதீர்கள்.