கருப்பு வெள்ளைப் படம்: பரிசு யாருக்கு?

பெரியகுளத்துக்கு அருகில் இருக்கிறது வடுகபட்டி. பூண்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது.

வியாபாரி ஒரு பூண்டைக் கையில் எடுப்பார். பல் பருமனா, நன்றாகக் காய்ந்திருக்கிறதா, மணம் எப்படி என்று பார்ப்பார். விலையைச் சொல்லிவிடுவார். விலை கட்டுபடி ஆகாவிட்டால், "ஏன் இந்த விலை?" என்று விவசாயி அங்கேயே கேட்டுவிடுவார்.

இதே ஊர்ப் பிள்ளை ஒன்று பென்சிலால் ஒரு சித்திரம் வரைந்து, நகரத்துக் கண்காட்சிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். "பரிசு இல்லை" என்று பதில் வருகிறது. ஏன் என்று அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

கருப்பு வெள்ளைப் படப் போட்டிகளில் இது பெரிய கேள்வி. பரிசு கொடுப்பவர் யார்? எதைப் பார்த்துக் கொடுக்கிறார்? அவரையே ஒருவர் ஏமாற்றிவிட்டால் என்ன ஆகும்?

சென்னையில் ஒரு போட்டி

நடுவர் வைத்துப் படங்களுக்குப் பரிசு கொடுப்பது நமக்குப் புதிது அல்ல.

1855-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் விளைபொருள்களும், கைத்தொழில் பொருள்களும், கலைப்பொருள்களும் அங்கே வைக்கப்பட்டன.

லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 68 போட்டோக்களை அதில் வைத்தார். அதுவரை யாரும் போட்டோ எடுத்திராத கோவில்களின் படங்கள் அவை. அன்று கலர் படம் கிடையாது. நடுவர்கள் எல்லாப் படங்களையும் பார்த்தார்கள். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இந்த வரிசையே சிறந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

1858-ல் டிரைப் மதுரைக்கு வந்தார். மீனாட்சி அம்மன் கோவிலையும், திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். வடுகபட்டியும் அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது. வெறும் வெள்ளையாக நிற்கும். ஆகவே டிரைப் சில நெகட்டிவ்களின் மேல் சாயம் தீட்டி, மேகங்களைத் தாமே வரைந்து சேர்த்தார்.

கட்டிடம் நிஜம். மேகம் கைவேலை! ஒரு படத்தை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்ற கேள்விக்கு அப்படியானால் வயது 160-க்கும் மேலே.

எதைப் பார்க்கிறார்கள்?

போட்டிகளில் வழக்கமாக மூன்று அல்லது ஐந்து நடுவர்கள் இருப்பார்கள். படத்தை அனுப்பியவர் பெயரை மறைத்துவிடுவார்கள். முதல் சுற்றில் தேறாத படங்கள் கழியும். மிஞ்சியவற்றுக்கு ஒவ்வொரு நடுவரும் தனித்தனியே மார்க் போடுவார். எல்லா மார்க்கையும் கூட்டி முடிவு செய்வார்கள். கடைசியில் இரண்டு, மூன்று படங்கள் ஒன்றை ஒன்று நெருங்கி நின்றால், கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள்.

கலர் படத்தில் சிவப்புச் சேலையும் பச்சை வயலும் கண்ணை இழுத்துவிடும். படத்தில் உள்ள குறை தெரியாமல் போகலாம். கருப்பு வெள்ளையில் அந்தச் சலுகை இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நிற்கிறது, கோடு உறுதியாக ஓடுகிறதா, விட்ட வெற்றிடம் பேசுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

திருச்சிப் பகுதியில் 1938-ல் பிறந்த ஓவியர் ஆதிமூலம் இதற்கு நல்ல உதாரணம். காந்தி நூற்றாண்டு வந்த 1969-ல் அவர் காந்தியைக் கருப்புக் கோடுகளால் விதவிதமாக வரைந்தார். கருப்பு மை, வெள்ளைத் தாள். வேறொன்றும் இல்லை. அந்தக் கோடுகளே அவருக்குப் பெரும் புகழ் தந்தன.

பெயின்ட் டப்பா வாங்கக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கலை கைக்கு எட்டும். அதனால்தான் இந்தப் போட்டிகளில் நியாயம் முக்கியம்.

சக்கரவர்த்தி போட்ட தடை

நடுவர் நல்லவராக இருந்தால் போதுமா? போதாது என்கிறது ஜெர்மனியில் நடந்த ஒரு கதை.

பெர்லின் நகரத்தில் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் மனைவி கேத்தே கோல்விட்ஸ் ஓவியர். 1844-ல் பசி தாங்காமல் கிளர்ந்து எழுந்த நெசவாளிகளைப் பற்றி அவர் ஆறு கருப்பு வெள்ளைப் படங்கள் செய்தார். மூன்று கல்லில் செதுக்காமல் வரைந்து அச்சிட்டவை. மூன்று உலோகத் தகட்டில் கீறி அச்சிட்டவை. வறுமை, சாவு, சதியாலோசனை, ஊர்வலம், கலவரம், முடிவு என்று கதை போகும்.

1898-ல் பெர்லின் கண்காட்சியில் அவை இடம் பெற்றன. நடுவர் குழுவில் இருந்த மூத்த ஓவியர் மென்ஸெல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கச் சிபாரிசு செய்தார். சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் சம்மதிக்கவில்லை. பதக்கம் கிடைக்கவில்லை!

பிறகு என்ன ஆயிற்று? 1918-ல் சக்கரவர்த்தி பட்டத்தை இழந்தார். 1919-ல் பிரஷ்யக் கலைக்கழகம் கோல்விட்ஸை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.  இன்று பெர்லினிலும் கொலோன் நகரிலும் அவர் பெயரில் மியூசியங்கள் இருக்கின்றன.

"பரிசு வேண்டாம்!"

சக்கரவர்த்திகள் காலம் போயிற்று. இப்போது வேறு சங்கடம் வந்திருக்கிறது.

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் சோனி உலகப் புகைப்படப் பரிசளிப்பு விழா நடந்தது. போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன் கலைஞரின் படம் ஒரு பிரிவில் முதலிடம் பெற்றது. இரண்டு பெண்கள், ஒருவர் பின்னால் ஒருவர். பாட்டி காலத்து அலமாரியில் இருந்து எடுத்த பழைய கருப்பு வெள்ளைப் போட்டோ போல இருந்தது.

எல்டாக்சன் பரிசை வாங்க மறுத்தார். ஏன்? அது காமிராவில் எடுத்த படமே அல்ல. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர் உண்டாக்கிய படம்! அந்தப் பெண்கள் உலகத்தில் பிறக்கவே இல்லை.

போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று சோதிக்கவே அனுப்பினேன் என்றார் அவர். கம்ப்யூட்டர் உதவி உண்டு என்பது முன்பே தெரியும், ஆனால் அவர் எங்களைத் தவறாக நம்ப வைத்துவிட்டார் என்றார்கள் போட்டியை நடத்தியவர்கள்.

டிரைப் வரைந்த மேகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. டிரைப் கோவிலின் எதிரே காமிராவோடு வெயிலில் நின்றார். மேகம் மட்டுமே அவர் சேர்த்தது. இங்கே எதிரே யாரும் நிற்கவே இல்லை. பழைய போட்டோவின் கருப்பு வெள்ளைத் தோற்றம், "இது உண்மை" என்ற நம்பிக்கையைத் தானாகவே கொடுத்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் படம் கூடாது என்பது அல்ல. அதற்குத் தனிப் பிரிவு வைக்கலாம். கையால் வரைந்ததோடு அதைக் கலந்துவிட்டால், ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த பிள்ளை ஒரு நிமிஷத்தில் தோற்றுப் போகும்.

பள்ளிக்கூடப் போட்டி ஆனாலும், தலைநகரக் கண்காட்சி ஆனாலும் நான்கு காரியங்கள் நடக்கலாம். நடுவர்களின் பெயரை முன்கூட்டியே சொல்லலாம். நடுவரின் உறவினரும் மாணவரும் போட்டியிட்டால், அந்தப் படத்துக்கு அவர் மார்க் போடாமல் விலகலாம். பரிசுக்கு வந்த படத்தின் முதல் நகலை, அதாவது நெகட்டிவையோ, காமிராவில் பதிந்த மூலப் படத்தையோ, பென்சில் வரைவையோ கேட்டுப் பார்க்கலாம். பரிசு பெற்றது ஏன் என்று நாலு வரி எழுதிப் படத்தின் அருகே ஒட்டலாம்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை பரிசு இல்லாமல் திரும்பினால் திட்டாதீர்கள். அதைக் கண்காட்சிக்கு அழைத்துப் போங்கள். பரிசு பெற்ற படத்தின் முன்னே நிறுத்தி, "இதில் உனக்கு என்ன பிடிக்கிறது?" என்று கேளுங்கள். நடுவர் இருந்தால் அவரிடமும் தயங்காமல் காரணம் கேளுங்கள்.

காரணம் சொல்லக்கூடிய தீர்ப்பே நல்ல தீர்ப்பு. தோற்ற பிள்ளையும் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டு, அடுத்த தாளை எடுக்கும்.