பங்குச் சீட்டும் சுயமரியாதையும்

இப்போது பெரிய கம்பெனிகளிலெல்லாம் "கம்பெனிப் பண்பாடு" என்பதாக ஒரு பேச்சு பலமாய் அடிபட்டு வருகின்றது. அதைக் கற்றுக்கொடுக்கக் காலேஜுகளில் தனி வகுப்புகளும் ஏற்பட்டிருக்கின்றன. ஆனால் விஷயமென்னமோ போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். அதாவது, ஓர் இடத்தில் யார் உட்கார்ந்து பேசுவது, யார் நின்று கேட்பது, தப்பு நேர்ந்தால் யார் தலையில் விழுவது, கணக்கை யார் பார்ப்பது என்பவைகளை எங்கும் எழுதி வைக்காமலே எல்லோரும் அறிந்து நடந்து வருகிற வழக்கந்தான் அந்த இடத்தின் பண்பாடாகும்.

இங்கிலாந்தில் பேராசிரியராயிருந்த சார்லஸ் ஹாண்டி என்பவர் 1978-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேக்கச் சாமியின் பெயரை வைத்தார். கம்பெனி நடத்தவுமா சாமி என்று வாசகர்கள் சிரிக்கலாம். அவர் கும்பிடச் சொல்லவில்லை, அடையாளத்துக்காகத்தான் வைத்தார். முதலாவது சீயஸ் வகை: சிலந்தி நடுவில் இருக்க வலை முழுவதும் அதற்கு அடங்கியிருப்பது போல், ஒரே எஜமானன் வாக்கே சட்டமாயிருப்பது. இரண்டாவது அப்போலோ வகை: இதற்கு அவர் காட்டிய படமே ஒரு கோவில்தான். தூண்களெல்லாம் இலாகாக்கள், கூரை மேலதிகாரிகள். அவரவர்க்கு விதித்த இடத்தை விட்டு அவரவர் அசையக்கூடாது. கோவிலில் யார் எதுவரை போகலாம் என்கிற கதை நமக்குத் தெரியாததா? மூன்றாவது அத்தீனா வகை: எடுத்த வேலைக்குத் தகுந்த திறமைசாலிகள் கூடி முடிப்பது. நான்காவது டயோனீசஸ் வகை: ஸ்தாபனத்துக்காக மனிதன் என்றில்லாமல், மனிதனுக்காகவே ஸ்தாபனம் என்றிருப்பது.

நிற்க. இந்தக் கணக்கை நம் பக்கத்து மலையில் வைத்துப் பார்ப்போம். போடிமெட்டு வழியாய் ஏறினால் மூணாறு. ஒரு காலத்தில் அங்கத்தித் தேயிலை கம்பிவட வழியாகக் குரங்கணிக்கு இறங்கிற்று. நமது சமவெளிக் கிராமத்து ஏழை மக்களோ கங்காணிகளின் பின்னால் மலையேறினார்கள். மேலே துரை, நடுவில் கங்காணி, கீழே கூலி என்பதே அன்றைய பண்பாடு.

2005-ல் டாடா டீ கம்பெனியார் அத்தோட்டங்களை நேரே நடத்துவதிலிருந்து விலகவே, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்னும் கம்பெனி ஏற்பட்டது. அதன் பங்குகளில் பெரும்பகுதி அங்கு வேலை செய்பவர்கள் கைக்கே வந்தது. காகிதத்தைப் பார்த்தால் தொழிலாளிதான் முதலாளி. நான்காவது வகையே மலைமேல் உதித்துவிட்டதென்று சொல்லலாம்.

ஆனால் 2015 செப்டம்பரில் நடந்ததென்ன? முந்திய வருஷம் 19 சதவீதமாயிருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இலாபம் குறைந்துவிட்டதென்று கம்பெனி சொல்லிற்று. அது உண்மையாகவே இருக்கட்டும். சொந்தக்காரனைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்லுகிற முறை வேறு. கூலிக்காரனுக்கு உத்தரவு போடுகிற முறை வேறு அல்லவா? பங்குக்காரி தன் கம்பெனியின் இலாபத்தைப் பற்றிப் பேச நடுரோட்டிலா உட்கார வேண்டும்?

இதைவிட முக்கியமான விஷயம் வேறொன்று. அப்பெண்கள் யூனியன் தலைவர்களையும் கிட்ட அண்டவிடவில்லை. பறிக்கிற கை பெண்ணுடையது, பேசுகிற வாய் ஆணுடையது என்றிருந்தபடியால், கம்பெனியின் பண்பாடே யூனியனுக்குள்ளும் புகுந்துவிட்டதென்று அவர்கள் கண்டுகொண்டார்கள். "பெண்பிளை ஒருமை" என்று தாங்களே கூடி ஒன்பது நாள் நின்றார்கள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாயாயிற்று. பின்னால் அவர்களுக்குள்ளும் பிளவு வந்தது உண்மையே. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் என்று கண்ட அறிவை யாரும் திருப்பி வாங்கிவிட முடியாது.

ஆகவே தோழர்களே! பங்குச் சீட்டு மாத்திரம் அடிமையை முதலாளியாக்கிவிடாது. விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கம்பம் பள்ளத்தாக்குத் தாய்மார்களும், தேனி மில்லிலும் மண்டியிலும் உழைப்பவர்களும் தங்கள் இடத்தின் யோக்கியதையைப் போர்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்றே கேள்விகள் போதும். இங்கே கீழிருப்பவன் பயமின்றிக் கேள்வி கேட்க முடியுமா? கணக்கு அவன் கண்ணுக்குக் காட்டப்படுமா? பெண்ணுக்கும் ஆணுக்கும், எந்த ஜாதியானுக்கும், ஒரே நாற்காலி, ஒரே டம்ளர்தானா?

இல்லையென்றால், அங்கு எந்தச் சாமியின் பெயரை வைத்தாலும் நடப்பது கங்காணி ராஜ்யமே. கடைசியாக ஒன்று: இக்கேள்விகளை முதலில் நமது சொந்தச் சங்கங்களிலும் கூட்டுறவுகளிலும் கேட்டுவிட்டுப் பிறகு கம்பெனிக்காரனிடம் போவோமாக.